நான் யாரு, எதுக்கு இருக்கேன்? கிறிஸ்தவ விசுவாசம் இதுக்கு என்ன சொல்லுது: புதுசா கேக்குறவங்களுக்கு ஒரு எளிய விளக்கம்

"நீங்க யாரு"ன்னு யாராவது கேட்டா முதல்ல பேரைச் சொல்லுவோம், அடுத்து படிப்பு, வேலை, கல்யாணம் ஆயிடுச்சா இல்லையா, எந்தக் குடும்பம், இப்டி ஒண்ணொண்ணா சொல்லிட்டே போவோம். இதுல எதுவும் பொய் கிடையாது, ஆனா இதுல ஏதாவது ஒண்ணு கையை விட்டுப் போனா நாம மொத்தமா ஆடிப் போயிடுறோம் பாருங்க, அங்கதான் பிரச்சனை. வேலை போன ஆளு, பரீட்சையில ஃபெயில் ஆன பிள்ளை, ரிட்டயர் ஆன அப்பா, பிள்ளைங்க வளர்ந்து அவங்கவங்க வழியில போனப்புறம் வீட்ல தனியா உக்காந்திருக்கிற அம்மா, எல்லாருக்கும் வேற வேற வயசு, வேற வேற கஷ்டம், ஆனா உள்ளுக்குள்ள ஓடுற கேள்வி ஒண்ணுதான். இது இல்லாம நான் யாரு, இனிமே எதுக்கு இருக்கேன்?

கிறிஸ்தவ விசுவாசத்துல இதுக்கு ஒரு பதில் இருக்கு. சர்ச் பக்கமே போகாதவங்களுக்கும், சின்ன வயசுலேர்ந்து சண்டே ஸ்கூல் போயும் இது மனசுல சரியா உக்காராதவங்களுக்கும் சேர்த்துதான் எழுதுறேன், ரெண்டாவது வகை ஆளுங்க நிறைய பேர் இருக்காங்கன்னு எனக்குத் தோணுது. சொல்லப் போறதை முதல்லயே சொல்லிடுறேன், பைபிள்ல "நீ யாரு"ங்கறது முன்னாடி வருது, "நீ என்ன செய்யணும்"ங்கறது அதுக்குப் பின்னாடிதான் வருது. இந்த வரிசை மாறிடுச்சுன்னா விசுவாசமே பெரிய சுமையா ஆயிடும். நிறைய பேருக்கு அப்டித்தான் ஆயிருக்கு, அதனாலதான் இதை இவ்ளோ விளக்கமா எழுதணும்னு தோணுச்சு.

ஆரம்பத்துலேர்ந்தே போவோம். பைபிளோட முதல் புத்தகமான ஆதியாகமம் 1:27ல (முதல் அதிகாரம், 27ம் வசனம்) தேவன் மனுஷனைத் தம்முடைய சாயலா சிருஷ்டிச்சார்னு இருக்கு. இதை நாம கேட்டுக் கேட்டு பழகிட்டோம், ஆனா அந்தக் காலத்துல இது சாதாரண வார்த்தை இல்லை. எகிப்துலயும் மெசபடோமியாவுலயும் ராஜாவைத்தான் தெய்வத்தோட சாயல்னு சொல்லுவாங்க, வயல்ல வேலை செய்றவனுக்கோ வீட்ல மாவு அரைக்கிற பொண்ணுக்கோ அந்தப் பட்டம் கிடையாது. அந்த ராஜாவோட பட்டத்தைத்தான் பைபிள் எடுத்து எல்லா மனுஷருக்கும் கொடுக்குது, அதுலயும் "ஆணும் பெண்ணுமாக"ன்னு தெளிவா சேர்த்துச் சொல்லுது. அப்போ ஒரு மனுஷனோட மதிப்பு அவன் சம்பாதிச்சு வாங்குறது இல்லை, படைக்கப்படும்போதே அவன்மேல வைக்கப்பட்டது. படுத்த படுக்கையா இருக்கிற பெரியவருக்கும், பேச வராத குழந்தைக்கும், ஜெயில்ல இருக்கிறவனுக்கும் அது அப்டியே இருக்கு. பாவம் வந்தப்புறம் அந்தச் சாயல் போயிடுச்சான்னு கேட்டா, புதிய ஏற்பாட்டுல யாக்கோபு, தேவனோட சாயல்ல உண்டாக்கப்பட்ட மனுஷரை நாக்கால சபிக்கிறது தப்புன்னு எழுதுறார் (3:9). அவர் பேசுறது விழுந்துபோன மனுஷரைப் பத்தித்தான், அதனால சாயல் சிதைஞ்சிருக்கலாம், அழிஞ்சு போகலை.

இதே பகுதியில எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு விஷயம் இருக்கு. மனுஷன் படைக்கப்பட்டது ஆறாம் நாள், ஏழாம் நாள் தேவன் ஓய்ந்திருந்த நாள். அப்டின்னா மனுஷனோட முதல் முழு நாளே ஓய்வு நாளாத்தான் இருந்திருக்கு. அவன் இன்னும் ஒரு வேலையும் செய்யலை, ஒரு செடி கூட நடலை, ஆனா எல்லாம் "மிகவும் நன்றாயிருந்தது"ன்னு தேவன் சொல்லி முடிச்சிட்டார். வேலையும் இருக்கு, தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் தேவன் அவனை அங்க வச்சார்னு 2:15ல படிக்கிறோம், அதுவும் பாவம் வர்றதுக்கு முன்னாடியே. அதனால வேலைங்கறது தண்டனை கிடையாது, ஆனா வேலை செஞ்சுதான் தேவன்கிட்ட பேர் வாங்கணும்ங்கற நிலைமையும் அங்க இல்லை.

அப்புறம் எங்க கெட்டுச்சு? ஆதியாகமம் 3ல சர்ப்பம் ஏவாள்கிட்ட சொன்னது "தேவர்களைப்போல் இருப்பீர்கள்"னு. ஏற்கனவே தேவசாயல்ல இருக்கிறவங்ககிட்ட, உங்ககிட்ட ஏதோ குறையுது, இதைச் சாப்பிட்டா அது கிடைக்கும்னு ஆசை காட்டுது. அவங்க நம்பினாங்க, சாப்பிட்டாங்க, உடனே ஒளிஞ்சிக்கிட்டாங்க. தேவன் வந்து கேக்குற முதல் கேள்வி "நீ எங்கே இருக்கிறாய்". பாவம்ங்கறதை நாம வெறும் தப்பு செய்றதுன்னு மட்டும் புரிஞ்சுக்குறோம், தப்பு செய்றது பாவம்தான், ஆனா அதுக்கு அடியில இன்னொண்ணு இருக்கு, தேவன் கொடுத்த இடத்தை விட்டுட்டு நான் யாருங்கறதை வேற எங்கேயோ போய் தேடுறது. பணத்துல, மத்தவங்க பாராட்டுல, பதவியில, சில பேருக்கு ஊழியத்துல கூட. ஊழியத்தையும் சேர்த்துச் சொல்றேன்னு யாரும் தப்பா எடுத்துக்காதீங்க, சர்ச்சுக்குள்ள இருக்கிறவங்களுக்குத்தான் இந்த ஆபத்து கண்ணுக்குத் தெரியாம வரும்.

இப்போ இயேசுகிட்ட வருவோம், இந்த விஷயத்துக்கு இதுதான் நடுநாயகம். மாற்கு சுவிசேஷம், அதாவது இயேசுவோட வாழ்க்கையைச் சொல்ற நாலு புத்தகத்துல ஒண்ணு, அதுல முதல் அதிகாரத்தை எடுத்துப் பாருங்க. இயேசுவுக்கு அப்போ ஏறக்குறைய 30 வயசுன்னு லூக்கா சொல்றார். அதுவரைக்கும் நாசரேத்துல தச்சு வேலை. யோவான் ஸ்நானகன்கிட்ட ஞானஸ்நானம் (தண்ணியில எடுக்கிற புனிதச் சடங்கு) எடுத்துட்டு தண்ணியை விட்டு கரையேறின உடனே வானத்துலேர்ந்து ஒரு சத்தம், "நீர் என்னுடைய நேசகுமாரன், உம்மில் பிரியமாயிருக்கிறேன்". இதுக்கு முன்னாடி மாற்குல இயேசு செஞ்ச ஒரு அற்புதம் கூட கிடையாது. ஒரு பிரசங்கம் கிடையாது, ஒரு சீஷன் கிடையாது, ஒரு குஷ்டரோகி சொஸ்தமாகலை. எல்லாம் அதுக்கு அப்புறம்தான். பிதா தம்மோட பிரியத்தைச் சொன்னது ஊழியத்தோட முடிவுல சர்டிஃபிகேட் மாதிரி இல்லை, ஊழியம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே சொல்லிட்டார்.

அடுத்து என்ன நடக்குது? 40 நாள் வனாந்தரம், பசி, சோதனை. மத்தேயு 4ல பிசாசு பேசுற முதல் வரி "நீர் தேவனுடைய குமாரனேயானால், இந்தக் கல்லுகள் அப்பங்களாகும்படி சொல்லும்". கவனிச்சுப் பாருங்க, கொஞ்ச நாள் முன்னாடி பிதா எதைச் சொன்னாரோ அதைத்தான் இவன் தொடுறான். நீ குமாரன்னு சொன்னாங்களே, அப்போ ஒண்ணு செஞ்சு காட்டு பாப்போம். அடிப்படையில அந்தக் கேள்விதான் இன்னைக்கும் நம்மள நோகடிக்குது, நீ நல்ல பொண்ணுன்னா இதைச் செய், நீ நிஜமான விசுவாசின்னா உனக்கு ஏன் இந்த நோய், நீ திறமைசாலின்னா உன் கூடப் படிச்சவன் எங்க இருக்கான் நீ எங்க இருக்க. இயேசு எதையும் நிரூபிச்சுக் காட்டலை. அவர் சொன்ன பதில் வேதவசனம், "மனுஷன் அப்பத்தினாலேமாத்திரமல்ல, தேவனுடைய வாயிலிருந்து புறப்படுகிற ஒவ்வொரு வார்த்தையினாலும் பிழைப்பான்". தேவனோட வாயிலேர்ந்து அவர் கடைசியா கேட்ட வார்த்தை என்னன்னு யோசிச்சா, அது "நேசகுமாரன்"ங்கறதுதான்.

சரி, அவர் தேவகுமாரன், நான் யாருன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. இயேசு இயல்பாவே குமாரன், நாம அப்டி இல்லை. அதுக்குத்தான் அந்தக் காலத்து சபைகளுக்குக் கடிதம் எழுதின பவுல், புத்திரசுவிகாரம்னு ஒண்ணைப் பத்தி எழுதுறார், அதாவது தத்து எடுக்கிறது. ரோமர் 8:15, கலாத்தியர் 4:5, எபேசியர் 1:5 மூணுலயும் வருது. பவுல் வாழ்ந்த ரோம சாம்ராஜ்யத்துல தத்து எடுக்கிறதுக்கு ரொம்ப மரியாதை. ஜூலியஸ் சீசர் தன்னோட உயில்ல ஆக்டேவியஸை மகனா தத்து எடுத்தார், அந்தப் பையன்தான் பின்னால அகஸ்து ராயன்னு சக்கரவர்த்தி ஆனது, இயேசு பிறந்தப்போ குடிமதிப்பு (மக்கள் கணக்கு) எழுதச் சொன்னதா லூக்கா 2ல வர்ற அதே ஆளு. தத்துப் பிள்ளைக்கு அப்பாவோட பேரும் உண்டு, சொத்துல உரிமையும் உண்டு. ரோம்ல இருந்த சபைக்கு இந்த வார்த்தையைப் பவுல் எழுதும்போது அங்க இருந்த அடிமைங்களும் கேட்டிருப்பாங்க, அவங்களுக்கு அது எப்டி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க. யோவான் சுவிசேஷம் 1:12லயும் இதான் விஷயம், இயேசுவை ஏத்துக்கிட்டவங்க எத்தனை பேரோ அத்தனை பேருக்கும் தேவனோட பிள்ளைகளாகிற அதிகாரத்தை அவர் கொடுத்தார். அதிகாரம் கொடுத்தார்னு இருக்கு, பரீட்சை வச்சார்னு இல்லை.

இது வெறும் ஐடியாவா இருந்தா மனசுல நிக்காது, அதனாலதான் இயேசு கதையா சொன்னார். லூக்கா 15, கெட்ட குமாரன் கதை எல்லாருக்கும் தெரியும்னு வேகமா தாண்டிடுவோம், கொஞ்சம் நின்னு படிங்க. சொத்தையெல்லாம் அழிச்சிட்டு பன்னி மேய்க்கிற நிலைமைக்கு வந்த இளையவன், வீட்டுக்குப் போய் அப்பாகிட்ட என்ன பேசணும்னு முன்னாடியே யோசிச்சு வச்சிக்கிறான். 18, 19 வசனத்துல அந்தப் பேச்சு முழுசா இருக்கு, தகப்பனே பாவம் செஞ்சேன், இனிமே உம்முடைய குமாரன்னு சொல்லப்படுறதுக்கு நான் பாத்திரன் இல்லை, "உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக என்னை வைத்துக்கொள்ளும்". மூணு விஷயம். இப்போ 21ம் வசனத்துக்குப் போங்க, அப்பா ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்கிட்டு முத்தம் கொடுத்தாச்சு, இவன் பேச்சை ஆரம்பிக்கிறான், பாவம் செஞ்சேன்னு சொல்றான், பாத்திரன் இல்லைன்னு சொல்றான், மூணாவது வரி வரவே இல்லை. கூலிக்காரன்ங்கற வார்த்தை அவன் வாயிலேர்ந்து வர்றதுக்குள்ள அப்பா வேலைக்காரங்களைக் கூப்பிட்டு நல்ல வஸ்திரம் கொண்டுவாங்க, கைக்கு மோதிரம் போடுங்க, காலுக்குச் செருப்பு போடுங்கன்னு சொல்லிட்டார். பாவம் செஞ்சேன்ங்கறதை அவர் மறுக்கலை, அது உண்மை. ஆனா கூலிக்காரனா சேர்த்துக்கோங்கற அந்த விண்ணப்பத்தை மட்டும் அவர் கேக்கவே தயாரா இல்லை.

மூத்தவன் கதையும் இதேதான், ஆனா அவன் வீட்டை விட்டே போகலை. தம்பி திரும்பி வந்ததுக்கு விருந்தான்னு கோவத்துல வெளிய நின்னுக்கிட்டு அப்பாகிட்ட சொல்றான், "இத்தனை வருஷகாலமாய் நான் உமக்கு ஊழியஞ்செய்து, ஒருக்காலும் உம்முடைய கற்பனையை மீறாதிருந்தும்" எனக்கு ஒரு ஆட்டுக்குட்டி கூட குடுக்கலையேன்னு. மகன் பேசுற பேச்சா இது? சம்பளம் பாக்கி நிக்குதுன்னு கணக்கு கேக்குற ஆளு பேசுற பேச்சு. ஒருத்தன் தூர தேசத்துலேர்ந்து கூலிக்காரனா வரலாம்னு நினைச்சான், இன்னொருத்தன் வீட்டுக்குள்ளயே கூலிக்காரனா வாழ்ந்துட்டு இருந்தான். ரெண்டு பேருக்கும் அப்பா கொடுக்கிற பதில் ஒண்ணுதான், மூத்தவன்கிட்ட அதை வாய்விட்டே சொல்றார், "மகனே, நீ எப்போதும் என்னோடிருக்கிறாய், எனக்குள்ளதெல்லாம் உன்னுடையதாயிருக்கிறது". சர்ச்சுல பல வருஷமா ஓடி ஓடி வேலை செஞ்சு களைச்சுப் போனவங்க இந்த வசனத்தை மெதுவா, தனக்குன்னு படிச்சுப் பாக்கணும், நான் இதை ரொம்ப ஆசையா சொல்றேன்.

சரி, நோக்கம்? நான் எதுக்கு இருக்கேன்?

இங்கதான் எபேசியர் நிருபம், அதாவது எபேசியருக்குப் பவுல் எழுதின கடிதம், ரொம்ப உதவும். மொத்தம் 6 அதிகாரம்தான். முதல் 3 அதிகாரத்துல இதைச் செய் அதைச் செய்னு கட்டளை கிட்டத்தட்ட இல்லவே இல்லை, தேவன் என்ன செஞ்சிருக்கார், அதனால நீங்க யாரு, இதேதான் திரும்பத் திரும்ப வருது, தேர்ந்தெடுக்கப்பட்டவங்க, மீட்கப்பட்டவங்க, தூரமா இருந்து சமீபமாக்கப்பட்டவங்க, தேவனோட வீட்டார். 4ம் அதிகாரம் முதல் வசனத்துலதான் அப்டியே திரும்புது, "நீங்கள் அழைக்கப்பட்ட அழைப்புக்குப் பாத்திரவான்களாய் நடந்து"ன்னு. அதுக்கப்புறம் பொய் பேசாதீங்க, திருடாதீங்க, பாடுபட்டு உழைச்சு இல்லாதவங்களுக்குக் கொடுங்க, புருஷன் பொண்டாட்டி எப்டி இருக்கணும், எல்லாம் வரிசையா வருது. நடுவுல 2:8-10ல ரெண்டும் ஒட்டி நிக்குது, கிருபையினால விசுவாசத்தைக் கொண்டு இரட்சிக்கப்பட்டீங்க, கிரியைகளால (நாம செஞ்ச செயல்களால) இல்லை, ஆனா நற்கிரியைகளைச் செய்றதுக்காகவே சிருஷ்டிக்கப்பட்டிருக்கீங்க, அந்த நற்கிரியைகளை தேவன் முன்னாடியே ஆயத்தம் பண்ணி வச்சிருக்கார். நல்ல காரியம் செஞ்சா தேவன் ஏத்துக்குவார்ங்கறது இல்லை, ஏத்துக்கிட்டதால நல்ல காரியம் செய்ய விடுதலை கிடைக்குது. ஒரு குழந்தை நடக்க ஆரம்பிச்சாத்தான் அம்மா தூக்கி வச்சுப்பாங்கன்னு இல்லையே, தூக்கி வச்சிருந்த கையிலேர்ந்து இறங்கித்தானே அது நடக்கப் பழகுது.

நோக்கத்தைப் பத்திப் பேசும்போது ரெண்டைப் பிரிச்சுப் பாக்கணும், எல்லாருக்கும் பொதுவானது ஒண்ணு, தனித்தனியா வர்றது ஒண்ணு. நாம எல்லாரும் ரெண்டாவதைத் தேடித்தான் ராத்திரி தூக்கமில்லாம கிடக்குறோம், முதலாவது கண் முன்னாடி தெளிவா எழுதியிருக்கு. தேவனை முழு இருதயத்தோட நேசி, பிறனையும் உன்னைப்போல நேசின்னு மத்தேயு 22ல இயேசு சொன்னார். மீகா 6:8ல நியாயம் செய்யணும், இரக்கத்தைச் சிநேகிக்கணும், தேவனுக்கு முன்பாக மனத்தாழ்மையா நடக்கணும்னு இருக்கு. "உங்களைக்குறித்துத் தேவனுடைய சித்தம்"னு நேரடியா சொல்ற இடம் ஒண்ணு 1 தெசலோனிக்கேயர் 5:18, அங்க சொல்லியிருக்கிறது எந்த ஊருக்குப் போகணும், யாரைக் கட்டிக்கணும்ங்கறது இல்லை, எல்லாத்துலயும் ஸ்தோத்திரம் செய்யணும்ங்கறதுதான். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர்ல கூடின போதகர்கள் 1647ல தயாரிச்ச வினாவிடையில முதல் கேள்வியே மனுஷனோட தலையாய நோக்கம் என்னங்கறதுதான், பதில் ரெண்டு பகுதி, தேவனை மகிமைப்படுத்துறது, என்றைக்கும் அவரில் மகிழ்ந்திருக்கிறது. அந்த மகிழ்ந்திருக்கிறதுங்கற பகுதியை நாம பல நேரம் விட்டுடுறோம். இதெல்லாம் எந்த வேலையில இருந்தாலும், வேலையே இல்லாம இருந்தாலும் இன்னைக்கே வாழக்கூடிய நோக்கம்.

தனித்தனி அழைப்பு பத்தி. முதல்ல ஒரு வசனத்தைப் பத்திச் சொல்லணும், எரேமியா 29:11. "சமாதானத்துக்கேதுவான நினைவுகளே"ன்னு வர்ற அந்த வசனத்தை வாழ்த்து அட்டையிலயும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்லயும் பாத்திருப்பீங்க, நல்ல வேலை கிடைக்கும், சீக்கிரம் எல்லாம் சரியாகும்ங்கற அர்த்தத்துலதான் போடுறாங்க. அது பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டு போகப்பட்ட இஸ்ரவேல் ஜனங்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதின லெட்டர்ல வருது. அதுக்கு முந்தின வசனத்துலயே 70 வருஷம் ஆகும்னு இருக்கு, அப்டின்னா லெட்டரை வாசிச்ச பெரியவங்கள்ல ரொம்பப் பேர் திரும்பி வர மாட்டாங்க. அதுக்கும் மேல, 5ம் வசனத்துல வீடு கட்டிக் குடியிருங்க, தோட்டம் போட்டு அதோட கனியைச் சாப்பிடுங்கன்னு சொல்றார், 7ல அந்நிய பட்டணத்தோட சமாதானத்தைத் தேடுங்க, அதுக்காக ஜெபம் பண்ணுங்கன்னு சொல்றார். இந்த வசனம் பொய்யான நம்பிக்கை கிடையாது, நாம நினைக்கிறதை விட ஆழமான நம்பிக்கை. பிடிக்காத இடத்துல, நீங்க தேர்ந்தெடுக்காத சூழ்நிலையில, எப்போ முடியும்னு கண்ணுக்குத் தெரியாத காலத்துல கூட உங்க வாழ்க்கைக்கு நோக்கம் இருக்கு, அங்கேயே தோட்டம் போடுங்கன்னு சொல்லுது.

அழைப்புன்னா பாஸ்டர், மிஷனரி, கன்னியாஸ்திரி இவங்களுக்கு மட்டும்தான்ங்கற எண்ணம் பல காலமா சபைக்குள்ள இருந்துச்சு. 16ம் நூற்றாண்டுல மார்ட்டின் லூத்தர் இதை ரொம்ப அழுத்தமா எதிர்த்தார், வயல்ல உழுறவனும் வீட்ல பிள்ளை வளர்க்கிற தாயும் தேவன் கொடுத்த அழைப்புலதான் இருக்காங்கன்னு சொன்னார். பவுலே கூடாரத் தொழில் செஞ்சவர்தான், அப்போஸ்தலர் 18:3ல இருக்கு. கொலோசெயர் 3:23ல எதைச் செஞ்சாலும் கர்த்தருக்கென்றே மனப்பூர்வமா செய்யுங்கன்னு வருதே, அதுக்கு முந்தின வசனம் யாருக்கு எழுதினதுன்னு பாருங்க, வேலைக்காரங்களுக்கு, அதாவது அடிமைகளுக்கு. தன்னோட வேலையைத் தானே தேர்ந்தெடுக்க முடியாத ஆளுங்களுக்குக் கூட அவங்க செய்றது கர்த்தருக்கு முன்னாடி அர்த்தமுள்ளதுன்னு சொல்லியிருக்கு. நம்ம மனசுக்குப் பிடிச்ச வேலை கிடைச்சாதான் நோக்கம் நிறைவேறும்னு நினைக்கிறது பைபிள்லேர்ந்து வந்தது இல்லை.

அப்போ எனக்குன்னு குறிப்பா எதை தேவன் வச்சிருக்கார்னு எப்டி தெரிஞ்சுக்கிறது? பெரும்பாலும் மூணு விஷயம் ஒண்ணா சேர்ற இடத்துல அது பிடிபடும், உங்களுக்குக் கொடுக்கப்பட்ட வரம், கண் முன்னாடி இருக்கிற தேவை, உங்களை நல்லா தெரிஞ்சவங்க சொல்ற சாட்சி. ரோமர் 12:6-8ல வரங்களோட லிஸ்ட் ஒண்ணு இருக்கு, தீர்க்கதரிசனம், போதிக்கிறது இதோட கூடவே கொடுக்கிறது, இரக்கம் செய்றது இதெல்லாமும் வருது. உற்சாகத்தோட இரக்கம் செய்றது ஒரு வரம்னு எத்தனை பேர் நினைச்சிருப்போம்? மைக் பிடிக்கிறவங்களைத்தான் வரம் உள்ளவங்கன்னு நினைக்கிறோம். 1 கொரிந்தியர் 12ல பவுல் சொல்றது, சரீரத்துல பலவீனமா தெரியிற அவயவங்கள்தான் மிகவும் தேவையானவைன்னு. இன்னொண்ணு, இந்த வரங்களை ரூமுக்குள்ள தனியா உக்காந்து யோசிச்சு கண்டுபிடிக்க முடியாது. யாருக்காவது உதவி செய்யப் போகும்போதுதான் தெரியும், இது எனக்கு வருது, இது எனக்கு வரலைன்னு. அதுக்குத்தான் சபை.

மோசேயைப் பாருங்க, நான் யாருங்கற குழப்பம் அவரை மாதிரி யாருக்கும் இருந்திருக்காது. எபிரெயனாப் பிறந்து எகிப்து அரண்மனையில வளர்ந்தவர். சொந்த ஜனத்துக்காகப் பேசப் போனா "எங்கள்மேல் உன்னை அதிகாரியாக ஏற்படுத்தினவன் யார்"ங்கற மாதிரி விரட்டுறாங்க, எகிப்து ராஜா பார்வோன் கொல்லத் தேடுறான், மீதியானுக்கு ஓடிப் போனா அங்க கிணத்தடியில அவர் காப்பாத்தின பொண்ணுங்க வீட்ல போய் "எகிப்தியன் ஒருவன்" எங்களைத் தப்புவிச்சான்னு சொல்லுதுங்க. எங்க போனாலும் வெளியாள். பல வருஷம் ஆடு மேய்ச்சப்புறம், எரியிற முட்செடி நடுவுலேர்ந்து தேவன் அவரை, அடிமையா இருக்கிற அந்த ஜனத்தை வெளிய கொண்டுவர எகிப்துக்குப் போன்னு சொல்றப்போ அவர் வாயிலேர்ந்து வர்ற கேள்வி, "நான் எம்மாத்திரம்". இந்த இடத்துல நாம யாரா இருந்தாலும் என்ன சொல்லியிருப்போம்? நீ அரண்மனையில படிச்சவன், உனக்கு எகிப்து நல்லா தெரியும், நீதான் சரியான ஆளுன்னு தைரியம் சொல்லியிருப்போம். தேவன் அதுல ஒண்ணைக் கூட சொல்லலை. "நான் உன்னோடே இருப்பேன்", அவ்ளோதான். நான் யாருங்கற கேள்விக்குப் பதிலா, உன் கூட யாரு இருக்காங்கங்கறதைக் கொடுத்தார். பார்வோன் முன்னாடி நிக்கும்போது மோசேக்கு 80 வயசு (யாத்திராகமம் 7:7), லேட் ஆயிடுச்சேன்னு நினைக்கிறவங்களுக்காக இதைச் சேர்த்துச் சொல்றேன்.

இதெல்லாம் தெரிஞ்சவங்களுக்கு உள்ளுக்குள்ள எப்பவும் தெளிவா இருக்குமா? இருக்காது. டீட்ரிக் போன்ஹோஃபர்னு ஜெர்மன் போதகர் ஒருத்தர், ஹிட்லரை எதிர்த்ததால 1943ல கைது பண்ணாங்க. பெர்லின் ஜெயில்ல இருந்தப்போ 1944ல நான் யாருங்கற கேள்வியையே தலைப்பா வச்சு ஒரு கவிதை எழுதினார். ஜெயில்ல இருக்கிறவங்க எல்லாம் என்னை அமைதியானவன், தைரியமானவன்னு சொல்றாங்க, ஆனா உள்ள நான் கூண்டுல அடைபட்ட பறவை மாதிரி தவிக்கிறேன், ஜெபம் பண்ணக் கூட சோர்வா இருக்கு, இதுல நிஜமான நான் யாரு, அவங்க சொல்ற ஆளா, எனக்குத் தெரிஞ்ச ஆளான்னு கேட்டுக்கிட்டே போறார். கடைசி வரைக்கும் அதுக்கு அவர்கிட்ட பதில் இல்லை. முடிக்கும்போது, நான் யாரா இருந்தாலும் தேவனே உமக்குத் தெரியும், நான் உம்முடையவன்னு நிறுத்துறார். 1945 ஏப்ரல் 9ந்தேதி அவரைத் தூக்குல போட்டாங்க, வயசு 39. நான் இந்தக் கவிதையை முக்கியமா நினைக்கிறதுக்குக் காரணம், தன்னைப் பத்தி தனக்கே தெளிவு இல்லாதப்பவும் தான் யாருக்குச் சொந்தம்ங்கறது அவருக்குத் தெரிஞ்சிருந்துச்சு. கிறிஸ்தவ அடையாளம் நம்ம ஃபீலிங்ஸ் மேல நிக்கலை, அந்த ஃபீலிங்ஸ் இல்லாத நாள்லயும் அந்த அடையாளம் இருக்கும். ஏசாயா 43:1ல "உன்னைப் பேர்சொல்லி அழைத்தேன்; நீ என்னுடையவன்"னு தேவன் சொன்னது கூட நல்லா இருந்தவங்ககிட்ட இல்லை, தோத்துப் போய் சிதறடிக்கப்பட்ட ஜனத்துகிட்ட.

ரெண்டு தப்பான புரிதலைச் சொல்லிட்டுப் போறேன். ஒண்ணு, "தன்னைத்தான் வெறுத்து, தன் சிலுவையை எடுத்துக்கொண்டு"ன்னு இயேசு சொன்னதை வச்சு, தன்னையே கேவலமா நினைக்கிறதுதான் தாழ்மைன்னு சில பேர் கத்துக் கொடுத்துடுறாங்க. அங்க விடச் சொல்றது என் இஷ்டம்தான் எல்லாம்ங்கற பிடிவாதத்தை. தேவசாயல்ல படைச்சு, குமாரனோட இரத்தத்தைக் கொடுத்து மீட்ட ஒருத்தரைக் குப்பைன்னு சொல்ல யாருக்கும் உரிமை இல்லை, உங்களுக்கும் இல்லை. யாராவது இந்த வசனத்தைக் காட்டி உங்களை அடிக்கிறதையோ அவமானப்படுத்துறதையோ பொறுத்துக்கோன்னு சொன்னா அது இயேசு சொன்னது கிடையாது, தயவுசெய்து பாதுகாப்பான இடத்துக்குப் போய் உதவி கேளுங்க.

இன்னொண்ணு, வாழ்க்கையே அர்த்தமில்லாத மாதிரி இருக்கு, வாழவே பிடிக்கலைங்கற எண்ணம் நாள் கணக்கா விடாம இருந்தா அது விசுவாசக் குறைவுன்னு முடிவு கட்டாதீங்க. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ படுத்து நான் சாகணும்னு கேட்டப்போ தேவன் பிரசங்கம் பண்ணலை, தூதனை அனுப்பி சாப்பாடும் தண்ணியும் கொடுத்து தூங்க விட்டார் (1 இராஜாக்கள் 19). டாக்டர்கிட்டயோ கவுன்சிலர்கிட்டயோ போறதும் தேவன் தர்ற உதவிதான், ஜெபமும் பண்ணுங்க, ட்ரீட்மென்ட்டும் எடுங்க.

எங்கேர்ந்து ஆரம்பிக்கிறதுன்னு கேட்டா, மாற்கு சுவிசேஷத்துலேர்ந்து ஆரம்பிங்க, 16 அதிகாரம்தான், நாலு சுவிசேஷத்துலயும் அதுதான் சின்னது. படிக்கும்போது இயேசு ஒவ்வொரு ஆளையும் எப்டி கூப்பிடுறார்னு மட்டும் கவனிங்க, திமிர்வாதக்காரனை (உடம்பு செயலிழந்தவன்), பெரும்பாடுள்ள ஸ்திரீயை (தீராத இரத்தப்போக்கு இருந்தவ), அவளை "மகளே"ன்னு கூப்பிடுறார் பாருங்க (5:34), கூட்டம் நடுவுல ஒளிஞ்சு வந்து வஸ்திரத்தைத் தொட்டவளை. அது முடிஞ்சதும் எபேசியர் முதல் 3 அதிகாரம், உடனே 4க்குப் போக அவசரப்படாதீங்க, கொஞ்ச நாள் அந்த மூணுலயே இருங்க. அதுல "நாம்", "நமக்கு"ன்னு வர்ற இடத்துல உங்க பேரைப் போட்டு சத்தமா படிச்சுப் பாக்கலாம், முதல்ல கூச்சமா இருக்கும், பரவால்ல. ஜெபம் பண்ணத் தெரியலைன்னா "அப்பா"ன்னு கூப்பிட்டு மனசுல இருக்கிறதைச் சொல்லுங்க, ரோமர் 8:15 அந்த வார்த்தையைத்தான் நம்ம வாயில கொடுக்குது. நம்பிக்கையான ஒரு சபையில, உங்களைப் பேசவிட்டுக் கேக்குற ஒருத்தரைத் தேடிப் பிடிங்க, உங்ககிட்ட என்ன வரம் இருக்குன்னு அவங்ககிட்ட கேளுங்க, பதில் சொல்ல அவங்களுக்குக் கொஞ்ச காலம் கொடுங்க. எனக்கு இன்னும் நம்பிக்கையே வரலை, சும்மா தெரிஞ்சுக்கத்தான் வந்தேன்னு சொல்றவங்களும் மாற்கைப் படிக்கலாம், அதுல 9:24ல ஒரு அப்பா இயேசுகிட்ட "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்"னு கண்ணீரோட கேக்குறார், இயேசு அவரைத் திருப்பி அனுப்பலை, அவரோட பிள்ளையைச் சொஸ்தமாக்கினார்.